லூசியானா கிரியோல் முன்னோரை எங்கே தேடுவது?

கேள்வி: என் மருமகள் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவள். சம்பந்தியம்மாவின் முன்னோர் லூசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகரின் கிரியோல்கள், அதாவது பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வம்சங்கள் கலந்தவர்கள். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘முலாட்டோ’, அதாவது கலப்பினம், என்றிருக்கும் குடும்பம், 1930இல் கலிஃபோர்னியாவில் அதே பெயர்களோடு ‘வெள்ளையர்’ ஆகியிருக்கிறது. ஒரே குடும்பம்தானா? பேத்திக்காக வம்சாவளி எழுதி வைக்க ஆசை.

பதில்: வயது, பிள்ளைகளின் வரிசை, பிறந்த மாநிலம் மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் ஒரே குடும்பம்தான். இனக் கட்டத்தைப் பார்த்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள். அன்று அதை நிரப்பியவர் வீடு வீடாக வந்த கணக்கெடுப்பாளர். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அப்போது இனப் பிரிவினைச் சட்டங்கள் இருந்தன. வெளுத்த நிறமுள்ள கிரியோல்கள் பலர் ஊர் மாறியதும் வெள்ளையராகவே வாழத் தொடங்கினார்கள். 2025இல் போப் ஆன பதினான்காம் லியோவின் தாய்வழித் தாத்தா, பாட்டியும் அப்படித்தான்: 1900இல் நியூ ஓர்லியன்ஸில் கறுப்பர், 1920இல் சிகாகோவில் வெள்ளையர்.

கிரியோல்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அதனால் நான் முதலில் போகச் சொல்வது நியூ ஓர்லியன்ஸ் உயர்மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரும், பல சமயம் தாத்தா, பாட்டி பெயரும் கிடைக்கும். ஞானப் பெற்றோரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தியோ மாமாவோதான். பழைய காலத்தில் வெள்ளையருக்கு ஒரு பேரேடு, அடிமைகளுக்கும் சுதந்திர நிறத்தவருக்கும் (அடிமையாக இல்லாத கறுப்பர், கலப்பினத்தவர்) வேறொன்று. இரண்டையும் புரட்டுங்கள். ஸ்பானிய ஆட்சிக் காலப் பதிவுகளில் பிரெஞ்சுப் பெயர்கள் மாறியிருக்கும்: ஷான் என்பவர் ஹுவான் ஆகியிருப்பார். பியேர் என்பவர் பெட்ரோ ஆகியிருப்பார்.

சொத்து, உயில், அடிமை விடுதலைப் பத்திரமெல்லாம் அங்கே நோட்டரியிடம் பதிவானவை. அந்நகரின் நோட்டரி காப்பகம் ஒரு புதையல். பெயருக்குப் பக்கத்தில் எஃப்.எம்.சி., எச்.சி.எல். போன்ற சுருக்கம் இருந்தால் அவர் அடிமையல்லாத நிறத்தவர்.

முன்னோர் அடிமையாக இருந்திருந்தால் 1870 கணக்கெடுப்புதான் மதில்சுவர்; அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் அவர்கள் பெயர் கிடைப்பது அரிது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர் உண்டு. அடிமைக்கு அநேகமாக வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே. எனவே உரிமையாளரின் சொத்துக் கணக்கு வழியாகத்தான் பின்னோக்கிப் போக வேண்டும். வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் 1719 முதல் 1820 வரையிலான ஆவணங்களிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் அடிமைகளின் விவரங்களைத் திரட்டிய தரவுத்தளம் இருக்கிறது.

டி.என்.ஏ. சோதனை சொல்லும் சதவீதங்களுக்கு நான் அதிக மதிப்பு தருவதில்லை. அதில் பொருந்தி வரும் தூரத்து உறவுகளின் பட்டியல்தான் பயன்படும்.

ஆனால் இதையெல்லாம் தொடங்குமுன் சம்பந்தியம்மாவிடம் பேசுங்கள். நிறம் மாற்றி வாழ்ந்த குடும்பங்களில் பிள்ளைகளுக்கே சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு. அவர் சம்மதித்தால், அவருடைய பாட்டி எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர் என்று கேளுங்கள். பழைய இறுதிச்சடங்கு அட்டை ஒன்று வீட்டில் இருந்தாலும் போதும்.