ஓ.டி. முதுகலைக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டேன். மறுவிண்ணப்பத்தை எப்படி வலுப்படுத்துவது?

கேள்வி: அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., நோயால் பாதிக்கப்பட்டவர்களை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை) முதுகலைக்கு விண்ணப்பித்த எல்லா இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.1. அடுத்த சுற்றுக்குள் நான் என்னென்ன செய்யலாம்?

நானும் இரண்டாவது முறையில் உள்ளே போனவள்தான். முதல் சுற்றில் ஆறு இடங்களுக்குப் போட்டேன். ஐந்தில் நிராகரிப்பு, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல். அந்தப் பட்டியல் கடைசிவரை நகரவே இல்லை. வீட்டிலோ நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கப் படிக்கிறேன் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள் (ஓ.டி. என்றால் நம்மவர்களுக்கு அதுதானே). அவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் விண்ணப்பத்தின் கோளாறும் அதேதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிராகரிப்பு வந்ததும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டத்தான் கை போகும். இன்னும் 50 மணி நேரம் அப்சர்வேஷன் (தெரபிஸ்ட் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது), இன்னொரு தன்னார்வ வேலை, இன்னும் நாலு கல்லூரி. அதற்கு முன்னால், நிராகரித்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பிக்கிறேன், எந்தப் பகுதியை முதலில் சரிசெய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். எனக்கு ஆறில் இரண்டு பேர்தான் உருப்படியாகப் பதில் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: என் விண்ணப்பக் கட்டுரையைப் படித்தால் பிசியோதெரபிக்குப் போட்டதா ஓ.டி.க்குப் போட்டதா என்று தெரியவில்லை.

அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் ஜிபிஏ. மொத்த ஜிபிஏவை ஒரு வருடத்தில் தூக்கி நிறுத்த முடியாது, அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். 120 கிரெடிட்டில் (பாட அலகு) 3.1 இருக்கிறது என்று வையுங்கள். இன்னும் 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் 3.18 தான் வரும். ஓடிகாஸ் (ஓ.டி. கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் பொதுத் தளம்) நீங்கள் திரும்ப எழுதிய பாடத்தின் பழைய மதிப்பெண்ணையும் சேர்த்தே கணக்குப் போடும்; உங்கள் கல்லூரி அதை அழித்திருந்தாலும் சரி. ஆனால் பல கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களின் (சேருவதற்கு முன்பே படித்திருக்க வேண்டியவை) ஜிபிஏவையோ கடைசி 60 கிரெடிட்டையோ தனியாகப் பார்க்கின்றன. அங்கேதான் கணக்கு மாறும். முன்தேவைப் பாடங்கள் 24 கிரெடிட், சராசரி 3.0, அதில் அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பகுதியிலும் சி என்றால், அந்த 8 கிரெடிட்டை மட்டும் திரும்பப் படித்து ஏ வாங்கினால் 3.67. புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுக்கும் கல்லூரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிலர் இரண்டையும் சராசரி போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் அனாட்டமியை ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) திரும்பப் படித்தேன். புள்ளியியல், அப்நார்மல் சைக்காலஜி இரண்டும் ஏற்கெனவே சரியாக இருந்ததால் கை வைக்கவில்லை. பழைய பாடங்களுக்குக் காலாவதி உண்டா என்றும் பாருங்கள், சில இடங்களில் உண்டு.

சரி, அந்தக் கட்டுரை. முதல் தடவை எனக்கு 100 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷன் இருந்தது, அத்தனையும் ஒரே மருத்துவமனையில். என் நோட்டில் எழுதியிருந்தது: "பக்கவாத நோயாளி, சட்டை போடும் பயிற்சி, 30 நிமிடம்". கட்டுரையிலும் அப்படியே. சின்ன வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவப் பிடிக்கும், அறிவியலும் பிடிக்கும், ஒரு நோயாளி சிரித்தார், நான் நெகிழ்ந்தேன். ஓ.டி. என்ற சொல்லை எடுத்துவிட்டு நர்ஸ் என்று போட்டாலும் ஒரு வரி இடறாது.

அடுத்த வருடம் ஒரு உடல்நல மறுவாழ்வு மையத்தில் ரீஹேப் எய்டாகச் (உதவியாளர்) சேர்ந்தேன். கட்டில் துடைப்பது, வாக்கர் எடுத்து வருவது மாதிரி வேலை. சம்பளம் சுமார்தான், ஆனால் தெரபிஸ்ட் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கலாம். அங்கே அதே சட்டையை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை ஏன் என்று கேட்டேன். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். ஏனென்றால் நன்றாக இருக்கும் கைதான் வளைந்து கொடுக்கும். பொத்தானைப் போட ஒற்றைக் கையால் இழுக்கும் கொக்கி ஒன்று உண்டு. அந்த நோயாளி கொக்கி வேண்டாம் என்றார். வேலைக்குத் திரும்பும்போது பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சம். தெரபிஸ்ட் வாதாடவில்லை. மேல் பொத்தானைத் தவிர மற்றதை முன்பே போட்டுவைத்து, தலைவழியாக மாட்டச் சொல்லிக் கொடுத்தார். அந்த அரை மணி நேரத்தில் கை, மூளை, கூச்சம், வேலை நான்கும் இருந்தன. ஓ.டி. என்றால் என்ன என்று எனக்கே அன்றுதான் பிடிபட்டது. நோயாளியின் அடையாளம் எதுவும் தெரியாதபடி இதை மட்டும் எழுதினேன், உதவப் பிடிக்கும் என்ற வரியே இல்லாமல்.

மணிக்கணக்கைவிட இடங்களின் வகை முக்கியம் என்பது என் கருத்து. குழந்தைகள், முதியோர் இல்லம், கைச் சிகிச்சை, மனநலம் இவற்றில் இரண்டு மூன்றையாவது பார்த்துவிடுங்கள். மனநலத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, இத்தனைக்கும் இந்தத் துறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதங்கள் பழைய விண்ணப்பத்திலிருந்து தானாக வந்து சேராது. பாடங்களின் விவரம் வரும், கடிதமும் கட்டுரையும் புதிதாக வேண்டும். அதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எனக்கு எழுதியவர் 200 பேர் வகுப்பின் பேராசிரியர், பாவம், என் முகமே அவருக்குத் தெரியாது. இரண்டாம் தடவை மறுவாழ்வு மையத்துத் தெரபிஸ்ட் எழுதினார்.

அப்புறம் தேதி. ஓடிகாஸ் அமெரிக்கக் கோடையில் திறக்கும். விண்ணப்பம் வர வர இடத்தை நிரப்பும் கல்லூரிகள் நிறைய. மதிப்பெண்களைச் சரிபார்க்கவே சில வாரம் ஓடிவிடும். முதல் வருடம் கடைசி வாரத்தில் அனுப்பினேன், அடுத்த வருடம் திறந்த மாதமே அனுப்பிவிட்டேன்.

கல்லூரிப் பட்டியலை ஜிபிஏ எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை வைத்து மாற்றுங்கள், பெயரை வைத்து வேண்டாம். முதுகலையோ முனைவர் நிலைப் பட்டமான ஓ.டி.டி.யோ, ஏகோட் (ஓ.டி. படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருந்தால் முடித்ததும் எழுதுவது ஒரே என்.பி.சி.ஓ.டி. தேர்வுதான் (ஓ.டி.யாக வேலை செய்யத் தேவையான தேசியத் தேர்வு). இரண்டிலும் 24 வாரக் களப்பயிற்சி உண்டு; முனைவர் படிப்பில் அதற்கு மேல் 14 வாரக் கேப்ஸ்டோன் (நிறைவுத் திட்டம்) கூடுதலாக வரும், செலவும் அதற்கேற்ப. இரண்டு வகையையும் கலந்து போட்டால் வாய்ப்பு விரியும். புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால் அங்கீகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நேர்காணலில் மறுவிண்ணப்பதாரர் என்று தெரிந்தால் மதிப்புக் குறையுமோ என்று பயந்தேன். "போன வருடத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்?" என்று நேராகவே கேட்டார்கள். அனாட்டமி மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வரி, மீதி நேரம் முழுக்கச் சட்டையைப் பற்றிப் பேசினேன். முதல் வருடம் காத்திருப்பில் வைத்த அதே இடத்திலிருந்துதான் மார்ச் மாதம் கடிதம் வந்தது.