எதிர்ப்பு ரகத்திலும் வைரஸ்: புதிய விதைக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: பசுமைக்குடிலில் வைரஸ் எதிர்ப்புத் தக்காளி ரகம் நட்டேன். தளிர்கள் தேமல் கண்டு குறுகுகின்றன; பழங்களில் பழுப்பு நிறச் சொரசொரப்புத் திட்டுகள். ஆய்வகத்தில் பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் என்றார்கள். வைரஸை அடையாளம் காணும் செடியின் புரதமான எதிர்ப்பு ஏற்பியையே திருத்தியமைத்த விதைகள் வரும் என்று படித்தேன். அதுவரை கடைக்காரர் தரும் வைரஸ் மருந்தை அடித்துச் சமாளிக்கலாமா?

பதில்: அந்த மருந்தை வாங்காதீர்கள். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் தெளிப்பு மருந்து கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவர் உங்கள் பதற்றத்தைக் காசாக்குகிறார். பூச்சிக்கொல்லியும் வீண், இது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை அல்ல.

உங்கள் ரகத்தில் டிஎம்-2² மரபணு இருக்கக்கூடும். அது தரும் ஏற்பிப் புரதம், வைரஸ் செல்லுக்குச் செல் நகர உதவும் புரதத்தை அடையாளம் கண்டு தற்காப்பை முடுக்கும். பல பத்தாண்டுகள் தக்காளியைக் காத்தது. ஆனால் உங்கள் குடிலில் வந்திருக்கும் வைரஸில் அந்த நகர்வுப் புரதம் மாறியிருப்பதால் ஏற்பிக்கு ஆள் தெரியவில்லை.

ஏற்பியைத் திருத்த முடியும். 2006-இல் உருளைக்கிழங்கின் ஆர்எக்ஸ் ஏற்பியை மாற்றி, பாப்லர் மரத்தைத் தாக்கும் தேமல் வைரஸையும் உணரச் செய்தார்கள். உணர்ந்தது, ஆனால் தாமதமாக: வைரஸ் முன்னே பரவ, அதை அடைக்கச் செடி தன் செல்களையே சாகடிக்கும் தற்காப்பு பின்னால் துரத்திக்கொண்டே போனது. 2016-இல், வேறொரு வைரஸின் புரதம் வெட்டும் நொதி கடிக்கும் இடத்தைச் செடியின் புரதத்திலேயே பொறியாகப் பொருத்தினார்கள்; நொதி அதை வெட்டியதும் தற்காப்பு முடுக்கப்படும். அருமையான உத்தி, ஆனால் உங்கள் வைரஸிடம் அந்த நொதியே இல்லை.

இது எப்படி உள்ளே வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. விதையில், நாற்றுத் தட்டில், உடையில், முக்கியமாகக் கையில். பக்கத் தளிரைக் கிள்ளும்போது விரலில் படியும் பச்சைக் கறையில்தான் அடுத்த செடிக்கான நோய் இருக்கிறது. கையில் ஆல்கஹால் தடவினால் போதாது. இந்த இன வைரஸ் அதற்கு எளிதில் அடங்காது. கொழுப்பு நீக்கிய பால்பொடிக் கரைசலில் விரல்களையும் கத்தியையும் செடிக்குச் செடி நனையுங்கள். வேலையாள் அலுத்துக்கொள்வார்; விடாதீர்கள். நோய்ச் செடியைச் சாக்கில் மூடி வேரோடு எடுங்கள், இருபுறச் செடிகளையும் சேர்த்து. அந்த வரிசையில் எப்போதும் கடைசியாக வேலை செய்யுங்கள்.

நாளை திருத்திய ஏற்பியுள்ள விதை வந்தாலும் இதைக் கைவிட முடியாது. குடிலில் வைரஸ் பெருகப் பெருக, புதிய ஏற்பியையும் ஏய்க்கும் மாற்றம் தோன்ற வாய்ப்புக் கூடும். அடுத்த பருவத்தில் தக்காளி, மிளகாய், குடைமிளகாய் மூன்றையும் அங்கே நடாதீர்கள். பழைய கட்டுக்கயிற்றை எரியுங்கள். பிறகு விதை வாங்கும்போது, அந்த விதைத் தொகுதிக்கே (லாட்) உரிய வைரஸ் சோதனைச் சான்றைக் கேளுங்கள். தர மறுக்கும் டீலரிடம் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.