கணக்கில் வராத கூலி (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பகுதியில் படிப்பை முடித்தும் முடிக்காமலும் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் அதிகம். பதினாறு முதல் இருபது வயதுக்குள் இருபது பேரைச் சேர்த்து, ஞாயிறுதோறும் தொழில்முனைவு வகுப்பு நடத்த நானும் நண்பர்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். பன்னிரண்டு வாரத் திட்டம். முதல் நான்கு வாரம் பெரும் தொழிலதிபர்களின் வரலாறு, பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள், அதன்பின் வணிகத் திட்டம் எழுதும் பயிற்சி, கடைசியில் பரிசளிப்பு. எங்கள் மூவரில் யாரும் தொழில் செய்ததில்லை என்பதுதான் உறுத்துகிறது. இது உதவுமா, அல்லது ஆசையைத் தூண்டிவிட்டுப் பிள்ளைகளை நட்டாற்றில் விடுகிறோமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள அம்மா,

உறுத்தலை விட்டுவிடாதீர்கள். பாடத்திட்டத்தை விட்டுவிடலாம்.

தொழிலதிபர் வரலாறுகளின் மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அவற்றில் தோல்வி ஐந்தாம் பக்கத்தில் வந்து ஆறாம் பக்கத்தில் தீர்ந்துவிடுகிறது. அதே ஆண்டில் அதே தொழிலைத் தொடங்கிக் கடையை மூடியவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை. பேச்சாளர்களும் வேண்டாம். கைதட்டல் அடங்கியதும் பிள்ளையின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு வகுப்பில் மாட்டிக்கொண்டேன். (எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) பதினேழு வயதுப் பெண் ஒருத்தி துணிப்பை தைத்து விற்றாள். பத்துப் பை விற்றதும், போட்ட பணத்துக்கு இரட்டிப்பு வந்துவிட்டது என்று நோட்டைக் காட்டினாள். நோட்டில் துணி இருந்தது, நூல் இருந்தது, ஒடிந்துபோன ஊசிகூட இருந்தது.

"ஒரு பை தைக்க எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"ஒன்றரை மணி நேரம்."

"உனக்குப் பதில் வேறொருத்தியை உட்காரவைத்தால் என்ன கூலி கொடுப்பாய்?"

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். ஒவ்வொரு பைக்கும் நஷ்டம். "அப்படியானால் ஆள் வைத்தால் நஷ்டம், நானே தைத்தால் லாபமா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கே மூன்று வகுப்பு ஒதுக்கியிருக்க வேண்டும். நாங்களோ நேரமாகிவிட்டது என்று அடுத்த பேச்சாளரை மேடைக்கு அழைத்தோம்.

தொழில் தெரியாது என்று தயங்குகிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையான கணக்கு உங்களிடம் இருக்கிறது. அதற்காகக் கணக்கியலை முதல் பாடத்திலிருந்து நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்வோரிடையே நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் பாடம். இன்னொரு பிரிவினருக்கு, வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் தனித்தனி இழுப்பறையில் வைப்பது போன்ற எளிய விதிகள். கணக்கு வைக்கும் பழக்கம் கூடியது இரண்டாவது பிரிவினரிடம்தான். பாடம் படித்தவர்களிடம் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

கணக்கு மட்டும் போதுமா என்றால், போதாது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில்காரர்களை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. ஒரு பிரிவினருக்குப் பயிற்சியே இல்லை. ஒரு பிரிவினருக்கு வழக்கமான வணிகப் பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்கு, பிறர் சொல்லக் காத்திராமல் தானே முனைவது, பக்கத்துக் கடையைப் பார்த்து அதையே செய்யாமலிருப்பது, வழி அடைபட்டால் வேறு வழி தேடுவது ஆகியவற்றில் பயிற்சி. பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட, இவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 விழுக்காடு. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று தள்ளிவிடக்கூடிய அளவுதான்.

இந்த முனைப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட முடியாது. ஆகவே வணிகத் திட்டமெல்லாம் பிறகு. இரண்டாம் ஞாயிறே எதையாவது விற்கச் சொல்லுங்கள். போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய சிறு தொகையை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். தமிழில் 'முதல்' என்றால் தொடக்கம், மூலதனமும் அதுதான். அந்த இரண்டையும் ஒரே நாளில் அவர்கள் கையில் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்றே: சொந்தக்காரர்களிடம் விற்கக் கூடாது. சித்தி வாங்குவது விற்பனை அல்ல, ஆசீர்வாதம். வாங்காமல் போனவர் என்ன சொன்னார் என்பதையும் நோட்டில் எழுதவேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த நோட்டுகள்தான் பாடப்புத்தகம்.

ஆசையைத் தூண்டிவிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெதர்லாந்தில், கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு நிறுவனத்தை ஓராண்டு நடத்திப் பார்க்கும் திட்டத்தை ஆராய்ந்தார்கள். முடிவு 2010-இல் வெளிவந்தது. சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் அந்த மாணவர்களிடம் குறைந்திருந்தது. பலர் இதைத் திட்டத்தின் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது பேரில் பன்னிரண்டு பேர் 'இது எனக்கு ஒத்துவராது' என்று சிறு தொகையோடு தெரிந்துகொண்டால், பின்னாளில் வீட்டை அடகு வைத்துத் தெரிந்துகொள்ளும் செலவு மிச்சம். அவர்களை யாரும் ஏளனமாகப் பார்க்காதபடி நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். பரிசளிப்பு வேண்டாம் என்பதும் அதனால்தான்.

கடன் கொடுப்பவர் எவரையும் வகுப்புக்குள் விடாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பிள்ளைகளில் சிலருக்குப் பதினெட்டுகூட ஆகவில்லை. விருந்தினர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று நண்பர்கள் நினைத்தால், கடையை மூடிய ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வரட்டும். மேடை வேண்டாம், நாற்காலி போதும். எந்த மாதத்தில் மூடியிருக்க வேண்டும், எந்த மாதத்தில் மூடினார் என்று மட்டும் கேளுங்கள்.

துணிப்பைப் பெண்ணை மறந்துவிட்டேன். அவள் விலையை ஏற்றிப் பார்த்தாள், போணியே ஆகவில்லை. வாங்காதவர்கள் சொன்னதை எழுதிய பக்கத்தைப் புரட்டியபோது, நான்கு பேர் பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பழுதான ஜிப் மாற்றித் தருவாயா?" என்று கேட்டிருப்பது தெரிந்தது. ஒரு ஜிப்புக்கு இருபது நிமிடம். புதிய நோட்டில் முதல் வரியாகத் தன் கூலியை எழுதினாள், அதற்குக் கீழேதான் நூல்.