மறு: ஏசி-130ஏ மாதிரியில் 105 மில்லிமீட்டர் பீரங்கி வைக்கலாமா?

வணக்கம். 1991 வளைகுடாப் போரில் பறந்த 'அஸ்ரேல்' என்ற ஏசி-130ஏ விமானத்தின் (பக்கவாட்டில் துப்பாக்கிகள் பொருத்திய அமெரிக்கத் தாக்குதல் விமானம்) மாதிரியைச் செய்வதாகவும், பெட்டியில் 105 மில்லிமீட்டர் பீரங்கி இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை ஒட்ட வேண்டாம். அது பின்னால் வந்த வகைகளுக்கு உரியது. ஏ வகையில் 40 மில்லிமீட்டர்தான் பெரியது. துப்பாக்கிகள் எல்லாமே இடப்பக்கம், இலக்கை இடப்புறம் வைத்து வட்டமடித்தபடியே சுடுவார்கள்.

பெயர்ப்பலகையில் 'முழுநேரப் படைப்பிரிவு' என்று போட்டிருக்கிறீர்களே, அதைக் கட்டாயம் திருத்துங்கள். அஸ்ரேலைப் பறக்கவிட்டது, புளோரிடாவின் டியூக் ஃபீல்டில் இருந்த 919ஆம் சிறப்பு நடவடிக்கைக் குழு. அது அமெரிக்க விமானப்படையின் ரிசர்வ் பிரிவு. 1971இல் சரக்கு விமானங்களோடு தொடங்கி, 1975இல் தாக்குதல் விமானங்களுக்கு மாறியது. ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வந்தவர்கள் அதில் இருந்தார்கள். 1989இல் பனாமாவிலும் பிறகு வளைகுடாவிலும், முழுநேரப் படையினரோடு சேர்ந்து அவர்களும் பறந்தார்கள். அந்த ரிசர்வ் பிரிவின் பெயர் விடுபடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

1995இல் ஏ வகை ஓய்வுபெற்றது; அஸ்ரேல் ஒகையோவின் டேட்டன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எடுத்த இடப்பக்கப் படங்களைப் பார்த்துத் துப்பாக்கி வாய்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு துளையிடுங்கள்.