சூனிய நூல்களில் சாட்சியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆவிகள், மந்திரம், சூனியம் பற்றிப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல்களை ஆய்வாளர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். இக்காலத்தில் அவற்றால் என்ன பயன்?

பதில்: ஆவி உண்டா, இல்லையா என்பதற்கு விடை தேடி இந்நூல்களைத் திறப்பவர் ஏமாந்துதான் போவார். ஒரு செய்தியை நம்புவதற்கு எவ்வளவு சாட்சியம் போதும் என்று அந்தந்தக் காலத்து மனிதர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதை அறிய விரும்புபவருக்கோ இவற்றை விடச் சிறந்த ஆவணங்கள் குறைவு. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் தம் நண்பர் சூராவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஏதென்ஸ் நகரில் சங்கிலிச் சத்தம் கேட்கும் வீடொன்றில் குடியேறிய தத்துவ அறிஞர் அதெனோதோரஸின் கதையைச் சொல்கிறார். உருவம் வந்து நின்று கையசைத்து அழைக்கிறது. சற்றுப் பொறு என்று சைகை காட்டிவிட்டு அறிஞர் தம் எழுத்து வேலையைத் தொடர்கிறார். பிறகு அதன் பின்னே சென்று, அது மறைந்த இடத்தில் புல்லையும் இலைகளையும் அடையாளமாக வைத்து, மறுநாள் அதிகாரிகளிடம் சொல்லித் தோண்டச் செய்கிறார். சங்கிலியோடு எலும்புகள் கிடைக்கின்றன. கதையை நம்பச் சொல்லிப் பிளினி வற்புறுத்துவதில்லை. உமது கருத்து என்ன என்று நண்பரிடம் கேட்கிறார். அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எல்லா நூல்களும் இப்படித் தீங்கற்றவை அல்ல. 1486-87இல் ஜெர்மானிய சமய விசாரணை அதிகாரி ஹைன்ரிக் கிராமர் வெளியிட்ட ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ வழக்கு நடத்துவதற்கான கையேடாகவே எழுதப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1485இல், இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள இன்ஸ்புரூக் நகரில் அவர் தொடுத்த சூனிய வழக்கு எடுபடவில்லை. குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அப்பகுதி ஆயரே அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். நேரில் தோற்ற வாதம் அச்சேறியதும் நாடு நாடாகப் பரவியது.

கேள்வி: சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டி மக்களைத் தேடித் தண்டித்த சூனிய வேட்டையை எதிர்த்து எழுதியவர்கள் அனைவரும் கடவுள் மறுப்பாளர்கள்தானே?

பதில்: இல்லை. நம் காலத்து வாசகர்கள் பலரும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1563இல் இவ்வேட்டையைக் கண்டித்து நூல் எழுதிய யோகான் வையர் ஒரு பிரபுவின் அரண்மனை மருத்துவர். சாத்தான் இருப்பதை அவர் ஐயமற நம்பினார். ஆனால் சூனியம் செய்ததாக ஒப்புக்கொள்ளும் மூதாட்டிகள் பலர் மனநோயாளிகள் என்றும், அவர்களுக்குத் தேவை மருத்துவர் என்றும் வாதாடினார். ஜெர்மானிய இயேசு சபைத் துறவியான ஃபிரெட்ரிக் ஷ்பே, 1631இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட நூலை 51 கேள்விகளும் அவற்றுக்கான பதில்களுமாக அமைத்தார். ஜெர்மனியின் பாம்பெர்க், வூர்ஸ்பர்க் நகரங்களில் நூற்றுக்கணக்கானோர் கொளுத்தப்பட்டதை அடுத்து வந்த நூல் அது. குற்றம் சாட்டப்பட்டவள் தீய வாழ்க்கை வாழ்ந்தவள் என்றால் அதுவே சான்று. நல்லவள் என்றால் வேடம் போடுகிறாள். அஞ்சினால் மனசாட்சி உறுத்துகிறது. அஞ்சாவிட்டால் சாத்தான் துணை நிற்கிறான். எப்படி நடந்தாலும் குற்றவாளிதான் என்னும் இந்தப் பொறியை அவர் ஒவ்வொரு படியாகப் பிரித்துக் காட்டுகிறார். சித்திரவதையே சூனியக்காரிகளை உருவாக்குகிறது என்பது அவருடைய தீர்ப்பு.

என்னை மிகவும் கவர்ந்தவர் ஸ்பெயினின் அலோன்சோ டி சலசார். சமயக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டித்த கத்தோலிக்க சமய விசாரணை மன்றத்தின் நீதிபதிகளுள் அவர் ஒருவர். 1610இல் லோக்ரோன்யோ நகரில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்ட வழக்கின் நீதிபதிகளிலும் ஒருவர். மறு ஆண்டு வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக் கிராமங்களுக்கு நேரில் சென்ற அவர், சூனியக் கூட்டத்தில் கலந்துகொண்டதாகச் சொன்னவர்களைத் தனித்தனியே அந்த இடத்துக்கு அனுப்பி, எங்கே அமர்ந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்கச் செய்தார். பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பறப்பதற்குப் பூசிக்கொண்ட தைலம் என்று ஒப்படைக்கப்பட்ட பானைகளை மருத்துவர்களிடம் கொடுத்தும், விலங்குகளுக்கு ஊட்டியும் சோதித்தார், ஒன்றும் நேரவில்லை. விசாரிப்பவர்களின் தொல்லை தாங்காமல் கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு தாங்களே அவற்றைத் தயாரித்ததாகச் சிலர் ஒப்புக்கொண்டார்கள். சூனியத்தைப் பற்றிப் பேச்சும் எழுத்தும் பரவும்வரை அப்பகுதியில் சூனியக்காரர்களும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவர்களும் இல்லை என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். அதன் விளைவாக 1614இல் இத்தகைய வழக்குகளுக்கு மிகக் கடுமையான சாட்சிய விதிகள் வகுக்கப்பட்டன. அவர் தம் சமயத்தை விட்டு விலகவில்லை, பதவியைத் துறக்கவில்லை. வாக்குமூலம் உண்மையா என்று சரிபார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

கேள்வி: புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்? இரத்தம் குடிக்கும் பிணங்களைப் பற்றிய எழுத்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவையா?

பதில்: எதிரெதிரான இரண்டு நூல்களைச் சேர்த்துப் படிப்பது நல்லது. ஆங்கிலேயரான ரெஜினால்ட் ஸ்காட் 1584இல் வெளியிட்ட நூல் சூனியக் குற்றச்சாட்டுகளை மறுப்பதோடு, செப்படி வித்தைக்காரர்கள் கத்தியால் உடலைக் குத்துவதுபோல் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் படத்தோடு விளக்குகிறது. ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597இல் இருவர் உரையாடலாக எழுதிய நூல், ஸ்காட்டையும் வையரையும் பெயர் சொல்லியே தாக்குகிறது.

இரத்தக் காட்டேரி பற்றிய எழுத்துகளும் இதே மரபைச் சேர்ந்தவைதான். 1732இல் செர்பியக் கிராமம் ஒன்றில் ஆஸ்திரிய இராணுவ மருத்துவர்கள் புதைகுழிகளைத் திறந்து, அழுகாமல் இருந்த உடல்களைக் கண்டதாக அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்த அறிக்கை ஐரோப்பா முழுவதும் பரபரப்பை உண்டாக்கியது. கையொப்பமிட்டவர்கள் படித்த மருத்துவர்கள் என்பதால் அதை நம்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1755இல் வேறோர் ஊரிலிருந்து அதே போன்ற செய்தி வந்தபோது, ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா தம் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்விடனிடம் கருத்துக் கேட்டார். சில உடல்கள் மெதுவாக அழுகுவதற்கு இயற்கையான காரணங்கள் உண்டு என்று அவர் விளக்கி எழுதினார். அதன்பின், இத்தகைய செய்திகளில் சமய குருக்கள் தாமாக நடவடிக்கை எடுக்கக் கூடாது, அரசு அதிகாரிகளுக்குத் தெரிவித்து மருத்துவரைக் கொண்டு ஆராய வேண்டும் என்று அரசி ஆணையிட்டார்.