முன்பின் தெரியாத ஏர்போர்ட்டில் இறங்கும் பைலட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று யார் சொல்வார்கள்?

முதல் தடவை காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வேலூர் கோட்டைக்கு வழி கேட்பவர் மாதிரிதான். ஆனால் பைலட் கையில் அந்த ஏர்போர்ட்டின் வரைபடம் இருக்கும். இறங்கியதும், தரையில் விமானங்களுக்கு வழி சொல்லும் கிரவுண்ட் கன்ட்ரோலர் ரேடியோவில் ‘ஆல்ஃபா, அப்புறம் பிராவோ’ என்று டாக்ஸிவே, அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போகும் பாதைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். பைலட் அதைத் திருப்பிச் சொல்வார்.

மீதியைப் பலகைகள் பார்த்துக்கொள்ளும். கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் இப்போது இருக்கும் பாதை. மஞ்சளில் கறுப்பு எழுத்தும் அம்பும் இருந்தால் திரும்பும் பாதை. சிவப்பில் வெள்ளை எழுத்தா? அதற்கப்பால் ரன்வே, அனுமதி இல்லாமல் ஓரடி நகரக் கூடாது. இரவில் டாக்ஸிவே ஓரங்களில் நீல விளக்கு எரியும்.

நம் வேலூர் ஏர்போர்ட் இருக்கும் அப்துல்லாபுரத்தில் ஒரே ரன்வேதான், குழப்பமில்லை. பெரிய ஏர்போர்ட்டில் வழி தவறினால் நின்று கேட்கலாம், ஒவ்வொரு திருப்பமாகச் சொல்வார்கள். சில இடங்களில் ‘ஃபாலோ மீ’ ஜீப்பே முன்னால் வந்து கூட்டிப்போகும்.