குரோஷா: விரிப்பிலிருந்து சட்டைக்குப் போகலாமா?

கேள்வி: பல வருஷமாகக் குரோஷா கொக்கி ஊசியால் வெள்ளை நூலில் டீப்பாய் விரிப்பும் வாசல் தோரணமும் மட்டும்தான் போடுகிறேன். மூன்று வயதுப் பேத்திக்குக் கை வைத்த சட்டை பின்ன ஆசை. 600 கிராம் நூல் வாங்கி, கடைசியில் அளவு வராமல் போனால் காசு வீண்தானே? தைரியம் வரவில்லை.
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: 600 கிராம் வேண்டவே வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைக்கு 8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூலில் 250 முதல் 300 கிராம் போதும். அதையும் இப்போதே வாங்காதீர்கள். முதலில் 50 கிராம் கண்டு ஒன்று, 4 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்று, அவ்வளவுதான் செலவு.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் கைப்பழக்கம் இல்லாதது அல்ல. செயின், டபுள் என்ற பின்னல்கள், வட்டத்தில் கூட்டுவது, குறைப்பது எல்லாம் விரிப்பிலேயே பழகிவிட்டீர்கள், சட்டையிலும் அதேதான். புதுசாக வருவது அளவு மட்டும். விரிப்பு இரண்டு அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் யாருக்கும் தெரியாது. சட்டை அப்படி இல்லை.

அளவு வருமா வராதா என்பதை மொத்த நூலும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். அந்த ஒரு கண்டில், பேட்டர்னில், அதாவது பின்னும் முறை எழுதிய குறிப்பில், சொன்ன அதே பின்னலில் 15 செ.மீ.க்கு 15 செ.மீ. சதுரம் ஒன்று போடுங்கள். துவைத்து, துணி மேல் பரப்பிக் காயவிட்டு, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து, அதற்குள் எத்தனை பின்னல் என்று எண்ணுங்கள். துவைக்காமல் அளந்தால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. பருத்தி தண்ணீர் பட்டதும் மாறும்.

பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 16 பின்னல், மார்புச் சுற்றுக்கு 96 பின்னல் என்று இருக்கிறது என்று வையுங்கள். சட்டைச் சுற்று 60 செ.மீ. வர வேண்டும். உங்கள் சதுரத்தில் 18 பின்னல் வந்தால் அதே 96 பின்னல் 53 செ.மீ.தான் வரும். குழந்தையின் மார்பு 55 என்றால் சட்டை உள்ளேயே போகாது. பத்து செ.மீ.யில் இரண்டே பின்னல் வித்தியாசம். மொத்தத்தில் ஏழு செ.மீ. போய்விட்டது. மெல்லிய நூலும் ஸ்டீல் ஊசியும் பழகிய கை இறுக்கமாகத்தான் பின்னும், அதனால் உங்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கையைத் தளர்த்த முயலாதீர்கள், நாலு வரிசைக்குப் பிறகு பழைய இறுக்கம் திரும்பிவிடும். ஊசியை 4.5 மி.மீ.க்கு மாற்றி இன்னொரு சதுரம் போடுங்கள். 16-க்குக் கீழே போனால் 3.5. சரியாக வந்த ஊசி எதுவோ அதோடுதான் சட்டை.

முதல் சட்டைக்குக் கழுத்திலிருந்து கீழே இறங்கும் மாடலாகத் தேர்ந்தெடுங்கள். துண்டு துண்டாகப் பின்னி இணைக்கும் வேலை இல்லை. அக்குள் வந்ததும் குழந்தைக்குப் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அங்கேயே பிரிக்கலாம். நீளம் போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம். கையை மட்டும் கடைசிக்கு வையுங்கள். நூல் தீர்ந்துபோனால் கை இல்லாத சட்டையாகவே முடித்துவிடலாம்.

நூல் விஷயத்தில் சில எச்சரிக்கை. கறுப்பு, கரு நீலம் வேண்டாம், பின்னலின் கண்ணி தெரியாது. வெல்வெட் மாதிரி பஞ்சு பஞ்சாக இருக்கும் நூலும் வேண்டாம், தப்பினால் பிரிக்க வராது. வேலூர் வெயிலுக்கு அக்ரிலிக் என்ற செயற்கை நூலும் சரிப்படாது. ஏலகிரி, ஜவ்வாது மலைக் குளிருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பருத்திச் சட்டையைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் கீழ்ப்பக்கம் இழுபட்டு நீண்டுவிடும், விரித்துத்தான் காயவைக்க வேண்டும்.

அதற்கு முன் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்ள நினைத்தால், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய வெள்ளை நூலில் புதுப் பின்னல், அல்லது புது நூலில் பழைய விரிப்பு. நூல், ஊசி, பின்னல், வடிவம் நான்கையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். எது தவறியது என்று கண்டுபிடிக்கவே வழி இருக்காது.

கேள்வி: பேட்டர்ன் பார்த்து அமிகுருமி (பஞ்சு அடைத்த குரோஷா பொம்மை) யானை செய்தேன். கோணலாக வந்தது, இடுக்கு வழியாகப் பஞ்சும் தெரிகிறது. ஆன்லைனில் 899 ரூபாய்க்கு கிட் இருக்கிறது. வாங்கினால் சரியாக வருமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கிட் இந்த இரண்டு தப்பையும் சரிசெய்யாது. பஞ்சு தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசி. நூல் லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருப்பது சட்டைக்கும் சால்வைக்கும். பொம்மைக்கு அதைவிட ஒரு மி.மீ. சின்ன ஊசி, அதாவது 3 எடுங்கள்.

பின்னல் பெயரையும் பாருங்கள். அமெரிக்க முறையில் எஸ்.சி. (சிங்கிள் குரோஷா) என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டி.சி. (டபுள் குரோஷா) என்பார்கள். பிரிட்டிஷ் பேட்டர்னை எடுத்துவிட்டு அமெரிக்க டி.சி. போட்டால் ஒவ்வொரு பின்னலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமாகி, இடையில் ஓட்டை விழும். எந்த முறை என்று பேட்டர்னின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். எழுதாமல் விட்ட பேட்டர்னைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். குறியீட்டுப் படமாக இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை, குறி இரண்டு முறைக்கும் ஒன்றுதான்.

கோணல் எண்ணிக்கையில் வருகிறது. மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் தொடக்க வளையம்) 6 பின்னல், அடுத்த ரவுண்டு 12, பிறகு 18, 24, 30. ரவுண்டுகள் சுருளாக ஓடுவதால் எங்கே தொடங்கினோம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ரவுண்டின் முதல் பின்னலிலும் ஒரு சின்ன ஊக்கைக் குத்தி வைத்து, ரவுண்டு முடிந்ததும் எண்ணுங்கள். 18 வர வேண்டிய இடத்தில் 17 வந்தால் அந்த ஒரு ரவுண்டைப் பிரிப்பது சுலபம். ஐந்து ரவுண்டு தாண்டினால் யானை சாய்ந்துவிடும்.

கிட் வாங்கியே ஆக வேண்டும் என்றால், உள்ளே நூல் எத்தனை கிராம், ஊசி எத்தனை மி.மீ. என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள். ‘5 கலர் நூல்’ என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். தனித்தனியாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு: 50 கிராம் கண்டு இரண்டு, ஊசி ஒன்று, மெத்தைக் கடையில் கால் கிலோ ரெக்ரான் பஞ்சு (பாலியெஸ்டர் பஞ்சு). கால் கிலோவில் சின்னப் பொம்மை பல செய்யலாம். இலவம் பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டி தட்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வைக்காமல் நூலிலேயே கண் தைத்துவிடுங்கள்.

கேள்வி: சதுரம் சதுரமாகப் போட்டு போர்வை பின்ன எவ்வளவு நூல் ஆகும்? பாதியில் தீர்ந்தால் அதே கலர் கிடைக்குமா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஒரு சதுரம் பின்னி, கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 9 கிராம் என்றால் 80 சதுரத்துக்கு 720. இணைப்புக்கும் பார்டருக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 828 கிராம். 50 கிராம் கண்டு 17.

லேபிளில் கலர் எண்ணோடு லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) இருக்கும். கலர் எண் ஒன்றாக இருந்தும் லாட் வேறானால் நிறம் லேசாக மாறும். கடை விளக்கில் தெரியாத அந்த வித்தியாசம், போர்வையை வெயிலில் விரித்ததும் கோடு போட்ட மாதிரி தெரியும். 17 கண்டையும் ஒரே லாட்டில் எடுங்கள், பிரிக்காத கண்டைத் திருப்பி எடுப்பார்களா என்று கடையில் முன்பே கேட்டுவிடுங்கள். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், இரண்டு லாட்டையும் சதுரத்துக்குச் சதுரம் கலந்து பின்னுங்கள், தனியாகத் தெரியாது.

கேள்வி: ‘100 சதவீதம் பருத்தி’ என்று ஆன்லைனில் பத்துக் கண்டு வாங்கினேன். தொட்டால் அக்ரிலிக் மாதிரி இருக்கிறது. எப்படி நிரூபிப்பது?
– வாசகி, காட்பாடி

பதில்: ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். இதை வீடியோ எடுங்கள். லேபிள், பில், விளம்பரப் பக்கம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். மற்ற ஒன்பது கண்டைத் தொடாதீர்கள்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படிச் சொல்கின்றன. இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போட 2019 சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நூலுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது.